உதிர்தல்: ஆம்

நெற்குப்பை.
ஊரின் பெயரிலேயே நெல் குவிந்து கிடக்க,
கண்மாய்க்குக் கீழே பதினாறு சென்ட் செம்மண்ணில்
பார்லி விதைத்தோம்.

"கால் வீங்கினா
டாக்டர் காய்ச்சிக் குடிக்கச் சொல்றதா?" என்றார்
நிலத்தை வாடகைக்கு விட்ட சாத்தப்பன்.
அதுதான் என்றேன்.
"அது டப்பாவுல வருமே" என்றார்.

பன்னிரண்டு பாத்தி. பன்னிரண்டு தகர அட்டை.
கார்த்திகைக் கடைசியில் விதைப்பு.
குளிரில் பிறந்த பயிருக்கு
எங்களால் தர முடிந்த குளிர்
மார்கழி விடிகாலை இரண்டு மணி நேரம்,
அதுவும் பனி இறங்கும் நாள்களில் மட்டும்.

என் வேலை எண்ணுவது.
தூர் எத்தனை,
கதிர் எந்தத் தேதியில் தலை நீட்டியது,
மீசை எத்தனை விரற்கடை.
முதல் பாத்தி இருவரிசை: ஒல்லிக் கதிர், கொழுத்த மணி.
மூன்றாவது ஆறுவரிசை:
ஒரே பாயில் ஆறு பிள்ளைகள் போல
இடித்துக்கொண்டு, எல்லாமே சற்று இளைத்து.
ஐந்தாவது உமி ஒட்டாதது,
உள்ளங்கையில் தேய்த்தாலே மணி கழன்று வரும்.
ஆறாவதுக்கு மீசைக்குப் பதில் முக்காடு.
மயில்கள் அதைத்தான் முதலில் தின்று தீர்த்தன.
எட்டாவது உப்புத் தாங்கும் என்று எழுதியிருந்தது.
வெயில் தாங்கும் என்று எழுதவில்லை.
நாற்பத்தாறாம் நாளே அவசரமாய்க் கதிர் விட்டு
நுனி கருகி நின்றது.

அகராதியில் இதற்கு வாற்கோதுமை என்று பேர்.
வால் எங்கே, எல்லாம் தலையில் அல்லவா இருக்கிறது
என்று கேட்டாள் மீனாள், களை எடுத்துக்கொண்டே.
எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒன்பதாம் பாத்தியைச் சொல்ல வேண்டும்.

காட்டுப் பார்லி பழுத்ததும்
தன் கதிரைத் தானே உடைத்துக்கொள்ளும்,
உச்சியிலிருந்து, ஒவ்வொரு கணுவாக.
அறுக்க வருகிறவனுக்கு ஈர்க்குதான் மிச்சம்.
பத்தாயிரம் ஆண்டுக்கு முன் எங்கோ ஒரு செடிக்கு
உடைக்கத் தெரியாமல் போனது.
கைகள் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தன.
வேறொரு மலைச்சரிவில் வேறொரு செடிக்கும் அப்படியே,
ஆனால் பழுது வேறு இடத்தில்.
இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் பூட்டு.
இவள் ஒன்றைத் தொலைத்தாள், அவள் மற்றதை.
அதன் பிறகு இரண்டு குடும்பமும்
தலை கவிழ்ந்து அரிவாளுக்குக் காத்திருந்தன.

ஒன்பதாவது
அந்த இரண்டு குடும்பத்துப் பேரப்பிள்ளை.

மாசி மகத்துக்கு மறுநாள் போனால்
பாதிக்குப் பாதி வெறும் ஈர்க்கு.
கிளி என்றார் காவலுக்கு இருந்த அடைக்கலம்.
கிளி உடைத்தால் உமி கிடக்குமே என்றாள் மீனாள்.
குனிந்து பார்த்தோம்.
மண்ணெல்லாம் அம்பு.
மணி முன்னால், மீசை பின்னால்
குத்திட்டு நின்றன.

அடைக்கலம் நெடுநேரம் பேசவில்லை.
அவர் மகள் போன வைகாசியில்
யாரிடமும் சொல்லாமல் காரைக்குடியில் ரயில் ஏறியவள்.
"ஆத்தாளும் சாது, அப்பனும் சாது" என்றார்,
எதைப் பற்றி என்று நாங்கள் கேட்கவில்லை.

உதிரும் செடிகளை முற்றும் முன் பிடுங்குக
என்கிறது விதிமுறை.
முற்றிவிட்டது.
உதிர்தல் என்ற கட்டத்தில்
பத்து முறை 'இல்லை' எழுதினேன்,
மயில் தின்றதற்கு ஒரு கோடு,
ஒரு முறை 'ஆம்'.
அது மட்டும் கட்டத்துக்குள் அடங்காமல்
பெரிதாக விழுந்துவிட்டது.

பங்குனியில் உழுதுவிடுவார்கள்.
உழாவிட்டாலும் சித்திரை விடாது.

திருப்பத்தூர் பஸ்ஸில்
முழங்காலில் ஏதோ சுரண்டியது.
சேலை மடிப்புக்குள் ஒரு மணி.
மீசை முள்ளால் துணியைப் பற்றிப் பற்றி,
பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரு நூல் அளவு
மேலே ஏறிக்கொண்டிருந்தது.
கண்டக்டர் வந்து எத்தனை என்றார்.
ஒன்று என்றேன்.